‘ஏவெல்’ என்னும் எபிரேயச் சொல்: துக்கங்கொண்டாடலின் பொருள் தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

யாக்கோபின் அடக்கத்தைச் சொல்லும் ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கக் கேட்ட வயதில் எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பழைய தமிழ் வேதாகமம் அங்கே ‘துக்கங்கொண்டாடல்’ என்கிறது. பண்டிகையைக் கொண்டாடலாம், பிறந்தநாளைக் கொண்டாடலாம், துக்கத்தை எப்படிக் கொண்டாடுவது? பல ஆண்டுகள் கழித்து எபிரேய மூலத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்த இடத்தில் நிற்கும் ‘ஏவெல்’ என்ற சொல்லுக்கு அதைவிடப் பொருத்தமான தமிழ் கிடைப்பது கடினம் என்று புரிந்தது. எபிரேயம் அறியாத ஒருவர், கையில் ஒரு தமிழ் வேதாகமமும் ஒரு சொல் வரும் வசனங்களையெல்லாம் பட்டியலிடும் ஓர் ஒத்தவாக்கிய அகராதியும் மட்டும் வைத்துக்கொண்டு, இந்த ஒரு சொல்லின் பொருளைத் தாமே கண்டறிவதற்கான வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: எழுத்துகளைப் பிரித்தறிதல்

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து கிளைக்கின்றன. நம் சொல்லின் வேர் அலெஃப், பேத், லாமெத் என்ற மூன்று எழுத்துகளால் ஆனது. உயிரொலிக்குப் பின் வரும் பேத் ‘வ’ என்று மென்மையாக ஒலிக்கும் என்பதால், துக்கங்கொண்டாடலைக் குறிக்கும் பெயர்ச்சொல் ‘ஏவெல்’ என்றும், துக்கத்தில் இருக்கும் ஆளைக் குறிக்கும் சொல் ‘ஆவேல்’ என்றும், வினைச்சொல்லின் அடிப்படை வடிவம் ‘ஆவல்’ என்றும் உச்சரிக்கப்படுகின்றன. இந்தக் கடைசிச் சொல்லுக்கும் நம் ‘ஆவலுக்கும்’ எந்த உறவும் கிடையாது.

தமிழ் வாசகர் கவனமாக இருக்கவேண்டிய இடம் இது. ஆதாமின் மகன் ஆபேலும், ஆதியாகமம் 50:11இல் வரும் ‘ஆபேல் மிஸ்ராயீம்’ என்ற ஊரும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டலைப் பெறுகின்றன. எபிரேயத்தில் அவை வெவ்வேறு சொற்கள். ஆதாமின் மகனுடைய பெயர் ‘ஹேவெல்’, அதன் முதலெழுத்து ஹே. மூச்சுக்காற்று என்று பொருள்படும் அந்தச் சொல்லைத்தான் பிரசங்கியின் புத்தகம் ‘மாயை’ என்ற இடங்களில் எல்லாம் பயன்படுத்துகிறது. ஆபேல் கொலையுண்டதால் அவன் பெயரிலிருந்து துக்கத்துக்கான சொல் வந்தது என்று சில பிரசங்கங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலெழுத்தைப் பார்த்தாலே அந்த விளக்கம் நிற்காது என்பது தெரியும்.

ஊர்ப்பெயர்களில் வரும் ஆபேல் இன்னொரு விதமான சிக்கல். அது அதே மூன்று எழுத்துகளால் ஆனதுதான் என்றாலும், நீர்வளமுள்ள புல்வெளியைக் குறிப்பது. ஆதியாகமம் 50:11இல் எழுத்தாளர் இந்த ஒற்றுமையை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார். எகிப்தியரின் ஏவெலைக் கானானியர் கண்டார்கள், அதனால் அந்த இடம் ஆவேல் மிஸ்ராயீம் எனப்பட்டது என்பது காதில் விழும் சிலேடை.

1890இல் வெளியான ஜேம்ஸ் ஸ்ட்ராங்கின் ஒத்தவாக்கிய அகராதி ஒவ்வொரு எபிரேயச் சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. துக்கங்கொண்டாடுதல் என்ற வினைக்கு 56, ‘ஆவேல்’ என்ற ஆளுக்கு 57, ‘ஏவெல்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு 60 ஆகிய எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். புல்வெளிக்கு 58, ஊர்ப்பெயருக்கு 59, ‘மெய்யாகவே’ என்று பொருள்படும் ‘அவால்’ என்ற சொல்லுக்கு 61. இவை எழுத்தில் ஒத்திருந்தாலும் நம் பட்டியலில் சேரக்கூடாது. பைபிள் ஹப், புளூ லெட்டர் பைபிள் போன்ற இணையதளங்களில் இந்த எண்ணைத் தட்டினால் வசனப் பட்டியல் முழுவதும் இலவசமாகவே கிடைக்கும்.

இரண்டாம் படி: வசனங்களைத் திரட்டுதல்

பெயர்ச்சொல் 24 முறை வருகிறது, வினைச்சொல் ஏறத்தாழ 40 முறை. இரண்டு மாலைப்பொழுதுகளில் முழுப் பட்டியலையும் வாசித்து முடித்துவிடலாம் என்பதால், ‘முக்கியமான’ வசனங்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் சோதனைக்கு இடங்கொடுக்காமல் அனைத்தையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வசனத்துக்கும் எதிரே மூன்று விவரங்களை எழுதுங்கள்: துக்கங்கொண்டாடுபவர் யார், எதற்காக, அப்போது அவர் என்ன செய்கிறார் அல்லது எதைச் செய்யாமல் விடுகிறார். அவருடைய மனநிலை எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்தை இப்போதைக்கு எழுதவேண்டாம்.

சில அதிகாரங்களில் எபிரேய வேதாகமத்தின் வசன எண் தமிழ் வேதாகமத்தினின்று வேறுபடும். தமிழில் 2 சாமுவேல் 19:2ஆக இருப்பது எபிரேயத்தில் 19:3. எண் பொருந்தவில்லை என்றால் ஒரு வசனம் முன்னும் பின்னும் தேடிப்பாருங்கள்.

மூன்றாம் படி: துக்கங்கொண்டாடுபவர் என்ன செய்கிறார் என்று பார்த்தல்

சொல்லின் பொருள் மிகுதியாகத் திறக்கும் இடம் இதுதான். முதலில் 2 சாமுவேல் 14:2ஐ எடுத்துக்கொள்வோம். ஓடிப்போயிருந்த மகன் அப்சலோமைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி அரசன் தாவீதின் மனத்தை மாற்ற விரும்பும் படைத்தலைவன் யோவாப், தெக்கோவா ஊரிலிருந்து புத்திசாலியான ஒரு பெண்ணை வரவழைத்து, துக்கங்கொண்டாடுபவளைப் போல இரு, ஏவெலின் ஆடைகளை உடுத்திக்கொள், எண்ணெய் பூசிக்கொள்ளாதே, இறந்த ஒருவருக்காக நெடுநாள் துக்கித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் போல இரு என்று சொல்லிக்கொடுக்கிறான். அந்தப் பெண்ணுக்கு இழப்பு எதுவும் நேரவில்லை. ஆனாலும் அவள் முன்னே வந்து நின்றபோது அவளுடைய தோற்றத்தைக் கண்டு அரசன் ஐயப்படவில்லை. ஏவெல் என்பது மனத்துக்குள் மட்டும் நிகழ்வதாக இருந்திருந்தால் யோவாபின் உபாயத்துக்கு வழியே இருந்திருக்காது. ஏவெலுக்கு உடை இருக்கிறது, தோற்றம் இருக்கிறது, பார்த்தவுடன் ஊரார் அடையாளம் கண்டுகொள்ளும் முறை இருக்கிறது.

இதற்கு நேர்மாறான காட்சியை எசேக்கியேல் 24:15–18இல் காணலாம். வேதாகமத்தில் என் மனத்தை மிகவும் உலுக்கும் பகுதிகளில் இது ஒன்று. தீர்க்கதரிசியின் கண்களுக்கு விருப்பமானவளை, அவருடைய மனைவியை, கர்த்தர் எடுத்துக்கொள்ளப்போகிறார். ஆனால் அவர் மாரடித்துப் புலம்பக்கூடாது, அழக்கூடாது, இறந்தோருக்கான ஏவெலைச் செய்யக்கூடாது. சத்தமில்லாமல் பெருமூச்சு மட்டும் விடலாம். தலையில் பாகை கட்டியிருக்கவேண்டும், காலில் பாதரட்சை இருக்கவேண்டும், மேலுதட்டை மூடிக்கொள்ளக்கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் உணவை உண்ணக்கூடாது. சாயங்காலம் மனைவி இறந்துபோகிறாள். மறுநாள் காலையில் அவர் கட்டளையிட்டபடியே செய்கிறார். சுற்றியிருந்த மக்கள் அதைப் பார்த்துத் திகைத்து, இதற்கு என்ன பொருள் என்று கேட்கிறார்கள்.

இந்தத் தடைகளைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், ஏவெலின் முழுச் சித்திரமும் கிடைத்துவிடும்: பாகையில்லாத தலை, செருப்பில்லாத கால், மூடிய வாய், பிறர் வீட்டிலிருந்து வந்த சாப்பாடு. பெருமூச்சு மட்டும் அனுமதிக்கப்பட்டிருப்பதையும் கவனியுங்கள். உள்ளே இருக்கும் வேதனை தடுக்கப்படவில்லை. அதை வெளியே கொண்டுவரும் ஏவெல் தடுக்கப்பட்டிருக்கிறது. வினைச்சொல்லையும் பாருங்கள்: எபிரேயம் இங்கே ‘ஏவெல் செய்யாதே’ என்கிறது. ஆதியாகமம் 50:10இல் யோசேப்பு தன் தகப்பனுக்காக ஏழு நாள் ‘ஏவெல் செய்தான்’ என்று வருவதும் இதே வினைதான்.

தானியேல் 10:2–3இல் மூன்று வாரம் ருசியான அப்பமும் இறைச்சியும் திராட்சரசமும் எண்ணெய்ப்பூச்சும் இல்லை. யாத்திராகமம் 33:4இல் மக்கள் ஆபரணங்களை அணியவில்லை. இவற்றையும் நோட்டில் சேர்த்தபின், எண்ணெய் மீண்டும் மீண்டும் வருவதைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான்காம் படி: அக்கம்பக்கத்துச் சொற்களிலிருந்து பிரித்தல்

எபிரேயத்தில் துக்கத்துக்கு ஒரே ஒரு சொல் இல்லை. ‘பாகா’ என்பது கண்ணீர் விட்டு அழுவது. ‘சாஃபத்’ என்பது ஓலமிட்டுப் புலம்புவது, மாரடிப்பதோடு சேர்ந்து வருவது. ‘கீனா’ என்பது இழவுப்பாடல். சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடியது கீனா, எரேமியா 9:17இல் வரவழைக்கப்படும் புலம்பற்காரிகள் அதைத் தொழிலாகவே பாடத் தெரிந்த பெண்கள். நம் ஒப்பாரியை அறிந்தவருக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்படாது.

வேறுபாட்டை ஒரே மூச்சில் பார்க்க 2 சாமுவேல் 11:26–27 போதும். உரியா இறந்த செய்தி கேட்டு பத்சேபாள் தன் கணவனுக்காகப் புலம்பினாள் என்னும் 26ஆம் வசனத்தில் இருப்பது சாஃபத். ‘ஏவெல் கடந்துபோனபின்’ தாவீது அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டான் என்கிறது 27ஆம் வசனம். புலம்பல் ஒரு செயல், ஏவெல் ஒரு காலம். செய்தி கேட்ட கணத்தில் எழுவது முதலாவது. உள்ளே நுழைந்து, இருந்து, வெளியே வருவது இரண்டாவது. பத்சேபாளின் மனத்தில் துயரம் எப்போது தீர்ந்தது, தீர்ந்ததா என்பதைப் பற்றி வசனம் வாயே திறக்கவில்லை. ஏவெலின் நாட்கள் முடிந்தன என்று மட்டும் சொல்கிறது. அந்த மௌனம் எனக்கு எப்போதும் கனமாகவே படுகிறது.

யாக்கோபின் மரணத்திலும் இதே அடுக்கு உண்டு. எகிப்தியர் அவருக்காக 70 நாள் அழுதார்கள், ஆத்தாத்தின் களத்தில் மகா பெரிய புலம்பலாகப் புலம்பினார்கள், யோசேப்பு ஏழு நாள் ஏவெல் செய்தான். மொழிபெயர்ப்பில் மூன்றும் ‘துக்கம்’ என்ற ஒரே நிறத்தில் கரைந்துவிடக்கூடும் என்பதால், வசனத்தில் எந்த எபிரேயச் சொல் எங்கே நிற்கிறது என்பதை எண்ணைக்கொண்டு சரிபார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: நாட்களையும் முடிவையும் கவனித்தல்

ஏவெல் வரும் இடங்களில் ‘நாட்கள்’ என்ற சொல் அடிக்கடி கூடவே வரும். தகப்பனுக்கான ஏவெலின் நாட்கள் நெருங்குகின்றன, அதன்பின் யாக்கோபைக் கொல்லுவேன் என்று ஏசா தனக்குள் சொல்லிக்கொள்கிறான் (ஆதியாகமம் 27:41). மோசேக்காக 30 நாள் அழுதபின் அந்த ஏவெலின் நாட்கள் முடிந்தன (உபாகமம் 34:8). சீயோனைப் பார்த்து, உன் ஏவெலின் நாட்கள் முடிந்துபோகும் என்கிறது ஏசாயா 60:20. ஆகவே, இந்தச் சொல்லுக்குள்ளேயே ஒரு முடிவு எதிர்பார்க்கப்படுகிறது. அந்த முடிவுக்குத் துணையாக வரும் சொல் ‘நாஹம்’, அதாவது ஆறுதல்செய்தல்.

இதை மனத்தில் வைத்து ஆதியாகமம் 37:34–35ஐ மறுபடி வாசியுங்கள். யாக்கோபு உடையைக் கிழித்து, இடுப்பில் இரட்டு என்னும் முரட்டுத் துணியை உடுத்தி, இறந்துவிட்டதாக நம்பும் மகன் யோசேப்புக்காக அநேக நாள் துக்கித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் ஆறுதல் சொல்ல எழுந்து வருகிறார்கள். அவர் ஆறுதலை ஏற்க மறுத்து, ஆவேலாகவே என் மகனிடத்துக்குப் பாதாளத்தில் இறங்குவேன் என்கிறார். ‘துக்கத்தோடு சாவேன்’ என்று மட்டும் இதை வாசித்தால் பாதிதான் கேட்கும். நாள் கணக்குள்ள, முடிவுள்ள ஒரு நிலையை எடுத்து, இதற்கு என் வாழ்நாளில் முடிவே இல்லை என்று ஒரு தகப்பன் அறிவிக்கிறார். யோசேப்பைத் தாங்களே விற்றுவிட்ட உண்மையை அறிந்த மகன்கள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

ஏவெல் இறந்தவருக்கு மட்டும் உரியது என்றும் எண்ணிவிடவேண்டாம். சாமுவேல் உயிரோடிருக்கும் சவுலுக்காகத் துக்கிக்கிறார் (1 சாமுவேல் 15:35). நெகேமியா எருசலேமின் இடிந்த மதிலுக்காகத் துக்கிக்கிறார் (நெகேமியா 1:4).

ஆறாம் படி: வினையின் வடிவம்

எபிரேய வினைக்கு ‘கால்’, ‘ஹிஃபில்’, ‘ஹித்பாயேல்’ முதலான வடிவங்கள் உண்டு. நம் வினையைப் பொறுத்தவரை ஒரு செய்தியை அறிந்தால் போதும்: மனிதர் துக்கங்கொண்டாடும் உரைநடைப் பகுதிகளில் பெரும்பாலும் ஹித்பாயேல் வடிவமே வருகிறது. செயலைச் செய்பவர் தம்மேலேயே ஏற்றுக்கொள்வதைக் காட்டும் வடிவம் அது. தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை செய்யும் வேலைக்கு இது மிக நெருக்கமானது. இரட்டு உடுத்திக்கொள், துக்கத்தை ஏற்றுக்கொள் என்கிறோம் அல்லவா?

சிறுவயதுச் சந்தேகத்துக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. இன்றைய பேச்சில்கூட ‘சொந்தம் கொண்டாடுகிறான்’, ‘உரிமை கொண்டாடுகிறாள்’ என்று சொல்லும்போது மகிழ்ச்சியை நாம் குறிப்பதில்லை. ஒன்றைத் தனதாக ஏற்று ஊரறிய வெளிப்படுத்துவதையே குறிக்கிறோம். 1871இல் முழுமையாக வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலைக் கையில் வைத்திருப்பவர்கள், ‘துக்கங்கொண்டாடு’, ‘இழவு கொண்டாடு’ என்ற தொடர்களைப் பழைய நடையின் விசித்திரமாக ஒதுக்காமல், அவை நிற்கும் இடங்களில் எபிரேய எண்ணைத் தேடிப்பாருங்கள். ‘வருந்தினான்’ என்று மாற்றினால் தமிழ் எளிதாகும், ஆனால் உடையும் நாளும் ஊரும் வசனத்திலிருந்து விழுந்துவிடும்.

ஏழாம் படி: நிலம் துக்கிக்கும் இடங்கள்

தீர்க்கதரிசிகளிடம் வரும்போது சொல் புதிய திசையில் திரும்புகிறது. ஓசியா 4:3இல் தேசம் துக்கிக்கிறது, ஆமோஸ் 1:2இல் மேய்ச்சல் வெளிகள் துக்கிக்கக் கர்மேலின் உச்சி காய்ந்துபோகிறது, எரேமியா 12:4இல் நிலம் துக்கிக்க வயலின் புல்லெல்லாம் வாடுகிறது. துக்கித்தலும் காய்தலும் இப்படி இணைந்தே வருவதாலும், எபிரேயத்துக்கு உறவான பழைய அக்காடிய மொழியில் ‘அபாலு’ என்ற சொல் வறண்டுபோவதைக் குறிப்பதாலும், இங்கே இருப்பது ‘காய்ந்துபோதல்’ என்ற பொருளுடைய வேறொரு வேர் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். வேறு சிலர் ஒரே வேர்தான், நிலத்தை ஆளாக உருவகித்திருக்கிறார்கள் என்கின்றனர். அகராதியில் இந்த வேரின்கீழ் இரண்டு எண்ணிட்ட பிரிவுகளைக் கண்டால் குழம்பவேண்டாம், காரணம் இந்த விவாதம்தான்.

என் கருத்தைச் சொல்லவேண்டுமானால், யோவேல் 1:10ஐக் காட்டுவேன். வயல் பாழானது, நிலம் துக்கிக்கிறது, தானியம் அழிந்தது, புது ரசம் வற்றியது, எண்ணெய் குன்றிப்போனது என்று அந்த வசனம் அடுக்குகிறது. முன்பு கோடிட்டு வைத்த எண்ணெயை இப்போது நினைவுகூருங்கள். துக்கங்கொண்டாடும் மனிதர் எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை, ஆபரணத்தைக் கழற்றிவிடுகிறார். பயிரும் ரசமும் எண்ணெயும் இழந்து நிற்கும் நிலம் அச்சு அசலாக அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. ஆகவே கேட்டவர்களின் காதில் வறட்சியும் துக்கமும் ஒன்றையொன்று விலக்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

எட்டாம் படி: வேதாகமத்துக்குப் பின் சொல் சென்ற வழி

இந்தச் சொல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. யூத வழக்கத்தில் தாய், தந்தை, மக்கள், உடன்பிறந்தார், வாழ்க்கைத்துணை ஆகியோரை இழந்தவர் இன்றும் ‘ஆவேல்’ என்றே அழைக்கப்படுகிறார். அடக்கத்துக்குப் பின் ஏழு நாள் ‘ஷிவா’, 30 நாள்வரை ‘ஷெலோஷிம்’, பெற்றோருக்கானால் 12 மாதம் என்று காலம் அளக்கப்படுகிறது. அடக்கம் முடிந்து வரும் ஆவேல் உண்ணும் முதல் உணவை அயலார்தான் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். எசேக்கியேலுக்கு மறுக்கப்பட்ட உணவு இதுவே. துக்கம் விசாரிக்க வருபவர்கள், சீயோனிலும் எருசலேமிலும் துக்கங்கொண்டாடும் மற்றவர்களோடுகூட இறைவன் உங்களுக்கு ஆறுதல் அளிப்பாராக என்று சொல்லி விடைபெறுகிறார்கள். அந்த வாழ்த்தில் ஆவேலும் நாஹமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

துக்க முறைகளைத் தொகுத்துச் சொல்லும், யூத மத ஆசிரியர்களான ரபீக்களின் பழைய நூல் ஒன்றுக்கு ‘ஏவெல் ரப்பாத்தி’, அதாவது ‘பெரிய ஏவெல்’, என்று பெயர். ஆனால் அதை அந்தப் பெயரால் அழைக்கத் தயங்கி, ‘மகிழ்ச்சிகள்’ என்று பொருள்படும் ‘செமாஹோத்’ என்றே வழங்கிவந்தார்கள். செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் சொல்லும் நம் மங்கல வழக்கைப் படித்தவருக்கு இந்தத் தயக்கம் உடனே புரியும்.

கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் ஏசாயா 61:2இன் துக்கங்கொண்டாடுவோரைக் குறிக்கும் சொல்லே மத்தேயு 5:4இன் ‘துயரப்படுகிறவர்கள்’ என்பதற்குப் பின்னாலும் இருக்கிறது. அங்கே வாக்களிக்கப்படுவதும் ஆறுதலே.

பயிற்சிக்கு இரண்டு வசனங்கள்

கற்றதைச் சோதித்துப் பார்க்க, ஏசாயா 61:3ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பலுக்குப் பதிலாகத் தலையணி என்ற இடத்தில் எபிரேயம் ‘ஏஃபெருக்கு’ப் பதிலாக ‘பெஏர்’ என்கிறது. மூன்று எழுத்துகளில் முதல் இரண்டு இடம் மாறிச் சாம்பல் அணிகலனாகிறது. அதையடுத்து, ஏவெலுக்குப் பதிலாக ஆனந்தத் தைலம் என்று வருகிறது. துயரத்துக்கு மாற்றாகத் தைலம் ஏன் வரவேண்டும் என்று முன்பு கேட்டிருந்தால் விடை தெரிந்திருக்காது. தெக்கோவாப் பெண்ணுக்கு யோவாப் சொல்லிக்கொடுத்ததை வாசித்தவருக்கு இப்போது தெரியும்.

பின்னர் சங்கீதம் 35:13–14க்குச் செல்லுங்கள். தன்னைப் பகைத்தவர்கள் நோயுற்றிருந்தபோது தான் என்ன செய்தான் என்பதைச் சங்கீதக்காரன் அங்கே சொல்கிறான். அவன் உடுத்தியது என்ன, உண்ணாமல் விட்டது என்ன, எந்த உறவை இழந்த ஆவேலைப் போல நடந்துகொண்டான் என்பதை நோட்டில் உங்கள் கைப்பட எழுதிப்பாருங்கள்.